மூன்று பேர் போய் இரண்டு பேர் திரும்பும் வண்டி

வள்ளிக்கண்ணுவின் தலைக்குள் ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருந்தது. ஸ்டேஷன் என்றால் பிளாட்பாரமோ தண்டவாளமோ வடை விற்கிறவனோ கிடையாது. ஒலிபெருக்கியில் பேசுகிற ஆள் மட்டும்தான். அவன் எந்த ஊர்க்காரன், யார் வேலைக்கு வைத்தார்கள் என்பதெல்லாம் தெரியாது. திருச்சி ஜங்ஷனில் பேசுகிறவனைப் போலவே மூக்கால் இழுத்து இழுத்துப் பேசுவான்.

ஆரம்பத்தில் அவனால் வீட்டுக்கு நன்மைதான். லால்குடி அத்தை புறப்பட்டுவிட்டார், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேருவார் என்பான். அவளும் அரைப்படி அரிசியைக் கூடுதலாகக் களைந்து வைப்பாள். அத்தை வந்து நிற்பார். ஒரு தடவை மட்டும் வரவில்லை. விசாரித்தபோது, வழியில் பஸ் கெட்டு அத்தை திரும்பிப் போய்விட்டது தெரிந்தது. அவன் அதையும் முன்கூட்டியே அறிவித்திருந்தான், அவள்தான் அம்மி அரைக்கிற சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. திருவளர்சோலையில் இது எல்லாருக்கும் தெரியும். இதையெல்லாம் நம்பாதவர்கள்கூட, விருந்தாளியை எதிர்பார்க்கிற நாளில் அவள் வாசல் பக்கமாக ஒரு நடை போய்விட்டுத்தான் உலை வைத்தார்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் பங்குனியில் அவன் குரல் மாறியது. அத்தை மாமன் வரவையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு வண்டியை அறிவிக்க ஆரம்பித்தான். கொள்ளிடம் போகும் வண்டி புறப்படத் தயாராக இருக்கிறது, வள்ளிக்கண்ணு உடனே ஏறிக்கொள்ளவும். சோறு வடிக்கும்போது சொல்வான். தலை சீவும்போது சொல்வான். புருஷன் ஏதாவது கேட்டு அவள் பதில் சொல்ல வாயெடுத்தால் அதற்குள் குறுக்கே வந்து சொல்வான்.

சித்திரையில் ஒரு காலை, சொல்லிச் சொல்லி அவளைக் கொண்டுபோய்க் கொள்ளிடத்தில் இறக்கிவிட்டான். சித்திரைக் கொள்ளிடத்தில் ஒரு ஆள் சாக வேண்டுமானால் முதலில் மண்வெட்டி எடுத்துப் பள்ளம் தோண்ட வேண்டும். அவள் கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்து வெகுநேரம் காத்திருந்தாள். துணி வெளுக்க வந்தவர்கள் பார்த்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

அன்றைக்கு நனைந்த சேலையோடு அவள் தன் புருஷன் ராமரிடம் சொன்னாள்: "ஆடிக்குள்ள என்னைய ஒரு டாக்டர்கிட்ட காட்டிருங்க. ஆடியில தண்ணி வந்துரும்."

அதைச் சொன்னது அவள்தான், ஒலிபெருக்கி அல்ல. இந்தக் கதையில் மற்றதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது, ஏனென்றால் அந்த வீட்டில் எல்லாரும் முதலில் மறந்தது இதைத்தான்.

ராமர் நல்ல மனுஷர். தும்மல் வந்தால்கூட அண்ணன் செல்லக்கண்ணுவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தும்முவார். இதையும் அண்ணனிடம் கொண்டுபோய்ச் சொன்னார். செல்லக்கண்ணு வாழைத் தோட்டம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். அவர் மீசை ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் வருவார் என்று சொல்வார்கள். அப்போது அவருடைய மகளுக்கு முசிறிப் பக்கம் சம்பந்தம் பேசி முடித்திருந்தது. பையன் வீட்டார் எந்த நாளும் வந்து போகிற நேரம். தம்பி பெண்டாட்டி ஆற்றில் போய் உட்கார்ந்த கதை கொள்ளிடம் தாண்டி முசிறிக்குப் போனால் என்ன ஆகும் என்று அவர் யோசித்தார். யோசித்து, வள்ளிக்கண்ணுவைப் பழம் பழுக்க வைக்கிற அறையில் போட்டுப் பூட்டினார்.

காய் பழுக்கப் போடுகிற புகை மூட்டம் மட்டும் போடவில்லை. அந்த அளவுக்கு இரக்கம் இருந்தது.

அறைக்கு ஜன்னல் கிடையாது. சுற்றிலும் பூவன் தார்கள். வாழைச்சருகு மெத்தை. கதவைத் திறந்து சோற்றை வைத்துவிட்டு உடனே சாத்திவிடுவார்கள். அவள் தட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், அப்புறம் சும்மா இருந்து பார்த்தாள். தட்டினால் முற்றிவிட்டது என்றார்கள். சும்மா இருந்தால் ரொம்ப முற்றிவிட்டது என்றார்கள். காய்கள் மஞ்சளாகி, கறுப்புப் புள்ளி விழுந்து, ஒவ்வொன்றாகத் தாரிலிருந்து உதிரும் வரை அவள் உள்ளே இருந்தாள். அந்த அறைக்குள் போனதில் குணமானது வாழைக்காய் மட்டும்தான்.

வைகாசியில் ஒரு காலை கதவு முழுசாகத் திறந்தது. குளித்துக் கிளம்பு, திருச்சியில் டாக்டரிடம் போகிறோம் என்றார் செல்லக்கண்ணு. வள்ளிக்கண்ணுவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. கேட்டது கிடைத்துவிட்டதே. ஓரகத்தி அழகம்மாள் துணி மூட்டை கட்டிக் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தால் ஒரே ஒரு சேலை. சீப்பு இல்லை, குங்குமச் சிமிழ் இல்லை. கேட்டதற்கு, அங்கேயே எல்லாம் குடுப்பாங்க என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

வாசல்படி இறங்கும்போது வள்ளிக்கண்ணு திரும்பி, எப்போதும் சொல்கிறதைச் சொன்னாள்.

"போயிட்டு வரேங்கக்கா."

"சரி" என்றாள் அழகம்மாள்.

வள்ளிக்கண்ணு படியிலேயே நின்றுவிட்டாள். போயிட்டு வரேன் என்றால் போயிட்டு வா என்பார்கள். கடன் கேட்டு வந்தவனுக்கும் அப்படித்தான் சொல்வார்கள், இனிமேல் இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று மனசார நினைக்கிறவனுக்கும் அப்படித்தான் சொல்வார்கள். வாய் தானாகச் சொல்லிவிடும். அந்த வா அழகம்மாளின் வாயில் வரவில்லை. எல்லாரும் போய் வருவார்கள். பிணம் மட்டும்தான் போகும்.

வண்டிக்காரர் கலீல் ராவுத்தர் வாசலில் குதிரை வண்டியோடு காத்திருந்தார். அவர் குதிரைக்கு டீக்கடையைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும். கலீல் ஒரு டீ குடித்து முடிக்கும் வரை அசையாது, யாராவது கடன் சொன்னால் கனைக்கும். செல்லக்கண்ணு ஏறுவதற்கு முன்னால் அவரிடம் போய், போகும்போது மூணு பேரு, வரும்போது ரெண்டு பேருதான் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவருடைய தாழ்ந்த குரல் அடுத்த தெருவரை கேட்கும்.

வள்ளிக்கண்ணு ஏறி உட்கார்ந்தாள். காலடியில் என்னவோ உறுத்தியது. வைக்கோலை விலக்கினால் புதுத் தேங்காய்நார்க் கயிறு, சுருட்டி வைத்திருந்தது. அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்த ராமரைப் பார்த்தாள். அவர் குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது எதுக்கு என்று கேட்டாள். தார் கட்ட என்றார் செல்லக்கண்ணு. வாழைத் தோட்டக்காரர் வீட்டில் பதினைந்து வருஷம் இருந்தவள் அவள். புதுக் கயிற்றால் எவனும் தார் கட்டமாட்டான். அவள் கயிற்றின் மேலேயே இரண்டு காலையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.

வண்டி அம்மாமண்டபம் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறியது. ஒலிபெருக்கிக்காரன் அப்போது உயிர் வந்தவன்போல ஆரம்பித்தான். ஏறிக்கொள்ளவும், ஏறிக்கொள்ளவும் என்று அவன் கத்த, கைப்பிடிச் சுவர் அவளுக்கு எட்டுகிற தூரத்தில் ஓடிக்கொண்டே வந்தது. இப்போது குதித்தால் கயிற்றுக்கு வேலை வந்துவிடும். சத்தம் போட்டாலும் வந்துவிடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே மலைக்கோட்டையையே பார்த்தாள். அது நகரவில்லை. அதனால் அவளும் நகரவில்லை.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஸ்தனிஸ்லாஸ் என்று ஒருவர். பாலக்கரைக்காரர். நோயாளி பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கேட்பார். டாக்டர் தூங்கிவிட்டாரா, செத்துவிட்டாரா என்று பயந்து எட்டிப் பார்த்ததில் பாதிப் பேருக்குத் தங்கள் வியாதி மறந்துபோய்க் குணமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரி வாசலில் பேச்சு உண்டு.

செல்லக்கண்ணு கயிறும் கையுமாக உள்ளே நுழைந்தார். டாக்டர் கயிற்றைப் பார்த்தார். தார் கட்டங்க என்றார் செல்லக்கண்ணு. தார் எங்கே என்று கேட்டார் டாக்டர். செல்லக்கண்ணு கயிற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தன் கையெழுத்தில் மனு கொடுத்தாயிற்று. இந்தப் பெண்ணுக்குப் புத்தி சரியில்லை என்று டாக்டர் எழுதித் தந்தால் போதும், உத்தரவு வாங்கிப் போலீஸ் காவலோடு மெட்ராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம். திரும்ப எப்போது அழைத்து வருவீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"அதை அப்புறம் பாத்துக்கலாங்க."

"மனு நீங்க குடுத்திருக்கீங்க. திரும்ப அனுப்பச் சொல்லிக் கேக்கிறதும் நீங்கதான் கேக்கணும். நீங்க கேக்காம யாரு கேப்பா?"

செல்லக்கண்ணுவின் மீசை ஒரு தடவை அசைந்தது. வள்ளிக்கண்ணுவுக்கு வாசலில் விழுந்த அந்த ஒற்றைச் 'சரி' இப்போது முழுசாக விளங்கியது. போகிற வழி அவளுடையது, வருகிற வழியின் சாவி அவர் இடுப்பில். ராமர் கதவோரம் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "உங்க காதுல ஏதோ குரல் கேக்குதுன்னு சொல்றாங்க. இப்பக் கேக்குதாம்மா?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தது. புறப்படுகிற கடைசி மணி அடிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தது. ஆமாம் என்றால் டாக்டர் எழுதிவிடுவார், கோர்ட்டும் கயிறும் போலீசும். இல்லை என்றால் வீட்டுக்குத் திரும்பலாம், பழ அறைக்கு. அப்புறம் ஆடி வரும். செல்லக்கண்ணு அவள் உதட்டையே பார்த்தார். எதைச் சொன்னாலும் அவருக்கு வசதி.

"கேக்குதுங்க" என்றாள்.

"என்ன சொல்லுது?"

"கொள்ளிடத்துக்குப் போற வண்டி நிக்குது, ஏறிக்கன்னு சொல்லுது. பாலத்து மேலயும் சொல்லுச்சு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அது சொல்றது அதுங்க. நான் ஏறல. ஏறிருவனோன்னு பயமா இருக்கு. அதுக்குத்தான் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி நானே கேட்டேன். இவங்க என்னமோ மாடு புடிக்கிற மாதிரி புடிச்சிட்டு வந்திருக்காங்க."

டாக்டர் கண்ணைத் திறந்தார். நீங்களே கேட்டீர்களா என்று மறுபடியும் கேட்டார். அவள் ராமரைக் காட்டினாள். டாக்டர் ராமரைப் பார்த்தார். ராமர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார். கடைசியில் ராமர் தலையை மேலும் கீழும் ஒரு விரற்கடை அசைத்தார். அதற்கே அவர் நெற்றியில் வியர்த்துவிட்டது.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். உத்தரவு இல்லாமலும் அங்கே சேரலாம். தானாக வந்து, எனக்கு வைத்தியம் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறவர்களைச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. அப்படிச் சேர்ந்தவர்கள் வெளியே போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ஒரு நாளைக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது. யார் தயவும் வேண்டாம்.

தலையில் கரண்ட் வைப்பார்களா என்று அவள் கேட்டாள். வைப்பதும் உண்டு, இப்போது புதிதாக மாத்திரை வந்திருக்கிறது, முதலில் அதைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லி எழுதுகிறேன் என்றார். வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்பார்களா என்றாள். டாக்டர் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார்.

"கேக்கணும். கேப்பாங்கன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. வெளிய வர்ற வழி உங்க கையில இருக்கும், அதை மட்டும் சொல்லலாம்."

அந்தப் பதிலில் இனிப்பு இல்லாததாலேயே அவளுக்கு நம்பிக்கை வந்தது.

செல்லக்கண்ணு குறுக்கே வந்தார். பைத்தியத்தின் கைநாட்டு எந்த ஊரில் செல்லும் என்று கேட்டார். தன் தலையில் நடப்பதையும் தான் செய்ய வேண்டியதையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொல்கிற ஆளைத் தான் இந்த வாரத்தில் இந்த அறையில் பார்க்கவில்லை என்றார் டாக்டர். சொல்லும்போது அவர் பார்வை கயிற்றின் மேல் இருந்தது. பிறகு ஒரு தாளில் எழுதி உரக்கப் படித்தார். வள்ளிக்கண்ணு ஆகிய நான் என் சொந்தச் சம்மதத்தின் பேரில் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மை டப்பாவை நகர்த்தினார். அவள் கட்டைவிரலை அதில் வைத்து எடுத்துத் தாளுக்கு மேலே கொண்டுபோனாள். அங்கேயே நிறுத்திவிட்டாள்.

"இதுல வைக்க மாட்டேங்க."

செல்லக்கண்ணுவின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா டாக்டரய்யா. இப்படித்தான். இந்த நிமிஷம் ஒண்ணு, அடுத்த நிமிஷம் ஒண்ணு. எழுதிக் குடுங்க, நான் கோர்ட்டுக்குப் போறேன்."

அவள் கட்டைவிரலிலிருந்து ஒரு சொட்டு மை மேசையில் விழுந்தது. டாக்டரின் கை பக்கத்திலிருந்த இன்னொரு தாளின் மேல் போனது. அது செல்லக்கண்ணு கேட்ட தாள். வள்ளிக்கண்ணுவின் தலைக்குள் இருந்தவன் விசில் ஊதினான்.

"ஏம்மா மாட்டேங்கறீங்க?" என்றார் டாக்டர்.

"போகிறேன்னு படிச்சீங்களே. போறேன்னு யாராவது சொல்லுவாங்களா? எங்க வீட்டுல அப்படித்தான் நினைச்சு அனுப்பியிருக்காங்க. நானும் அதையே சொல்லி நாட்டு வச்சா அப்புறம் யாரு என்னைய கூப்பிட வருவா?"

ஸ்தனிஸ்லாஸ் தான் எழுதியதை ஒரு தடவை படித்தார். காலையில் அவரும் தம் வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பார். பேனாவை எடுத்துப் போகிறேன் என்பதை அடித்தார். போய், வைத்தியம் பார்த்துக்கொண்டு, திரும்பி வருகிறேன் என்று மேலே எழுதிப் படித்தார். அவள் கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். மை மறுபக்கம்வரை ஊறியது.

ஆனால் இன்னும் முடியவில்லை. போலீஸ் காவல் வேண்டாம் என்றால் வீட்டு ஆள் ஒருவர் கூடப் போய்ச் சேர்த்துவிட வேண்டும். சாயங்கால ரயில். புருஷன் வரட்டும் என்றார் டாக்டர். அவர் வரவில்லை என்றால் தன்னால் செய்யக்கூடியது வேறு எதுவும் இல்லை என்றும் சொன்னார்.

எல்லாரும் வெளியே வந்தார்கள். வேப்பமரத்தடியில் கலீலின் குதிரை டீக்கடைக்கு நேராக நின்றது. செல்லக்கண்ணு வண்டியில் ஏறி உட்கார்ந்து கயிற்றைக் கீழே போட்டார். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ராமரு. ஏறுடா."

ராமர் நின்றார்.

"முசிறிக்காரங்க வெள்ளிக்கிழமை வராங்க. வீட்டுல நீ இல்லைன்னா என்ன சொல்லுவேன்? பைத்தியத்தைக் கூட்டிக்கிட்டு ரயிலேறிட்டான்னு சொல்லவா? அவளையும் ஏத்து. மத்ததை வீட்டுல பேசிக்கலாம்."

வீட்டில் என்றால் எந்த அறை என்று மூன்று பேருக்கும் தெரியும். கெஞ்சினால் ராமர் அண்ணனைப் பார்ப்பார், அழுதாலும் அண்ணனைத்தான் பார்ப்பார். வள்ளிக்கண்ணு மை காயாத கட்டைவிரலைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராமர் ஒரு கையால் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார். ஒரு காலைப் படியில் வைத்தார்.

படியில் வைத்த காலை ராமர் எடுத்தார். குதிரையிடம் சொல்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"போயிட்டு வரேண்ணே."

செல்லக்கண்ணுவின் வாய் திறந்தது. அவர் வேறு என்னவோ சொல்லத்தான் திறந்தார். ஆனால் கூடப் பிறந்த தம்பி, ஊர்விட்டு ஊர் போகிறவன், போயிட்டு வரேன் என்று முகத்துக்கு எதிரே நிற்கிறான். இதற்கு வேறு பதில் சொல்லி அவனுக்கு வழியில் ஏதாவது ஆனால்?

"போயிட்டு வா" என்றார்.

ராமர் நகரவில்லை. அண்ணனின் முகத்தை வாழ்க்கையில் முதல்தடவையாக நேராகப் பார்த்தார். கன்னத்தில் ஒரு மரு இருப்பதை அன்றைக்குத்தான் கண்டதாகப் பின்னால் சொன்னார்.

"நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வரோம்ணே."

இந்தத் தடவை வெகுநேரம் ஆயிற்று. கலீல் டீ டம்ளரை வாயருகில் பிடித்தபடி குடிக்காமல் நின்றார். குதிரை காதை நிமிர்த்திக்கொண்டது. மீசை அசைந்தது, அடங்கியது, மறுபடி அசைந்தது. தம்பிக்கு மட்டும் வா என்று இன்னொரு தடவை சொன்னால் தம்பி இன்னொரு தடவை கேட்பான் என்று தெரிந்தது. சொல்லாமல் இருந்தால் தம்பியும் பதில் இல்லாமல் போவான்.

"போயிட்டு வாங்க" என்றார் செல்லக்கண்ணு. கடைசி 'ங்க'வை மட்டும் பல்லுக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பார்த்தார். அது வெளியே வந்துவிட்டது. கலீல் கேட்டார், டீக்கடைக்காரர் கேட்டார்.

கலீல் டம்ளரை வைத்துவிட்டு ஏறினார். "என்னண்ணே, திரும்பறப்போ ரெண்டு பேருன்னீங்க, ஒருத்தராத்தான் வாறீங்க" என்று மட்டும் கேட்டார். குதிரை வழக்கத்துக்கு மாறாக உடனே கிளம்பியது.

ஜங்ஷன் பிளாட்பாரத்தில் வள்ளிக்கண்ணுவும் ராமரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் துணி மூட்டை. வழியில் ராமர் ஒரு சீப்பும் குங்குமச் சிமிழும் வாங்கி அதில் சொருகியிருந்தார். யாரைக் கேட்டும் வாங்கவில்லை. மேலே இரும்புத் தூணில் ஒரு ஒலிபெருக்கி, நாதஸ்வரத்தின் வாய்போல.

திடீரென்று மூக்கால் இழுத்து இழுத்து ஒரு குரல் வந்தது. வண்டி வந்துகொண்டிருக்கிறது, ஏறுகிறவர்கள் தயாராக இருக்கவும் என்றது. அதே குரல், அதே இழுப்பு. எந்த வண்டி, எந்த ஆறு என்று வள்ளிக்கண்ணுவுக்குப் புரியவில்லை. அவள் மூட்டையைத் தாண்டி ராமரின் கையைப் பிடித்தாள். பதினைந்து வருஷத்தில் வெளியிடத்தில் அவள் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல்தடவை. அவர் கையிலும் மை ஒட்டிக்கொண்டது.

"ஏங்க, இப்ப சொன்னானே, உங்களுக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எந்த ஊருக்குன்னு சொன்னான்?"

"மெட்ராஸ்."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப ஏறலாம்" என்றாள்.